நூலில் தொங்கும் காகிதம்

டோக்கியோவின் நிஷிகசாய்க்குக் குடிவந்த முதல் வருடமே மகனை வட்டாரச் சிறுவர் பேஸ்பால் அணியில் சேர்த்தோம். அதுவரை கிரிக்கெட் மட்டை மட்டுமே பிடித்த கை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை முதல் மாலை வரை பயிற்சி. மைதானத்துக்குள் கால் வைக்குமுன் தொப்பியைக் கழற்றித் தலை வணங்க வேண்டும். தாய்மார் முறைவைத்து பார்லித் தேநீர் கொண்டுபோக வேண்டும். அந்தத் தேநீர் ஜாடியருகே நின்றுதான் எனக்கு ஜப்பானிய மொழி நாவில் பழகியது.

ஒரு மாலை வீடு திரும்பும்போது மகன் கேட்டான்: "அம்மா, நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஜப்பான் அணியில் சேர்க்க மாட்டார்களாமே? நம் பாஸ்போர்ட் வேறாம்."

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுவாரம் தயங்கித் தயங்கிப் பயிற்சியாளரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜப்பானின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் சதஹாரு ஓவின் கதையைச் சொன்னார்.

ஓவின் தந்தை சீனாவிலிருந்து பிழைக்க வந்து டோக்கியோவில் சிறிய உணவுக்கடை நடத்தியவர். மகன் வாசெதா ஜிட்சுக்யோ பள்ளி அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவர். 1957-ல், கோஷியென் எனப்படும் தேசிய உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியின் வசந்தகால ஆட்டத்தில், விரலில் கொப்புளம் உடைந்து பந்தில் ரத்தம் படிந்தபோதும் விடாமல் எறிந்து பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில், ஜப்பானியக் குடிமகன் அல்ல என்று அவரை ஆடவிடவில்லை. பதினேழு வயதுப் பையன்! கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

1959-ல் யோமியுரி ஜயன்ட்ஸ் என்னும் தொழில்முறை அணிக்குப் போனார். பந்தெறிவதை விட்டு மட்டைக்கு மாறினார். முதல் சில ஆண்டுகள் தடுமாற்றம்தான். 'ஓ' என்றால் அரசர் என்று பொருள். பந்தை அடிக்கத் தவறி ஆட்டமிழப்பதுதான் ஸ்ட்ரைக்-அவுட்; 'ஸ்ட்ரைக்-அவுட் அரசர்' என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். 1962-ல் பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா அவரை வலக்காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினார். நூலில் தொங்கும் காகிதத்தை வாளால் வெட்டச் செய்தார். பலத்தை மட்டும் நம்பி வீசினால் காகிதம் விலகி ஆடுமே தவிர அறுபடாது. வாள் நேராகப் பாய வேண்டும். 1980-ல் ஓய்வு பெறும்போது 868 ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே அடித்தவை. ஜப்பானில் இன்றுவரை யாரும் அதை நெருங்கியதில்லை.

பிறகு ஜயன்ட்ஸ், ஃபுகுவோகா ஹாக்ஸ் அணிகளுக்கு மேலாளர். ஹாக்ஸ் தோற்றுக்கொண்டிருந்த 1996-ல் ரசிகர்கள் அணியின் பஸ்மீது முட்டை வீசினார்கள். 1999-ல் அதே அணி ஜப்பான் சாம்பியன். 2006-ல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக் கோப்பையை வென்ற ஜப்பான் தேசிய அணிக்கு மேலாளரும் அவர்தான். அப்போதும் அவர் கையில் இருந்தது சீனக் குடியரசு எனப்படும் தைவானின் பாஸ்போர்ட்.

வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் மகனிடம் சொன்னேன். பேசாமல் கேட்டான். இப்போது எங்கள் கூடத்தில் துணி உலர்த்தும் கம்பியிலிருந்து செய்தித்தாள் துண்டு ஒன்று நூலில் தொங்குகிறது. பள்ளிக்குக் கிளம்புமுன் பிளாஸ்டிக் மட்டையுடன் அதன்முன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் கால் ஊன்றும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து வைத்திருக்கிறேன்.