லோதி காலனியில் கோதுமை விதைத்த வருஷம்

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை மூன்று வாரத்தில் ஓய்ந்தது. இருட்டடிப்புக்காக ஜன்னலில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். ஆனால் அரிசித் தட்டுப்பாடு ஓயவில்லை. மழை பொய்த்த வருஷம் அது. பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமையையும் அமெரிக்கா அளந்து அளந்துதான் அனுப்பியது.

கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்து டெல்லிக்கு வந்த எனக்கு முதல் வேலை, ரேஷன் கார்டில் பேர் ஏற்றுவது. ஊரில் எந்தக் கார்டிலும் பேர் இல்லை என்று தாசில்தார் ஆபீசில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா வாங்கி அனுப்பினார், தமிழில் இருந்தது. குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் எழுதியது வேண்டும் என்றார். மறுபடி அப்பாவுக்குக் கடிதம். அந்த வருஷம்தான் இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்திருந்தது. நெல்லுக்குப் பேர் போன ஊரில் பிறந்தவள், இங்கே அரிசிக்கு வரிசையில் நின்றேன்.

பேர் ஏறியும் கிடைத்தது பெரும்பாலும் கோதுமைதான். பக்கத்து வீட்டு பெஹன்ஜியிடம் (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைக் கொடுத்து அவர்கள் பங்கு அரிசியை வாங்கிக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கும் லாபம்.

அக்டோபரில் பிரதமர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார்: இடம் இருப்பவர்கள் வீட்டிலேயே பயிரிட வேண்டும் என்று. அவரே ஜன்பத் வீட்டுப் புல்தரையை உழுதுவிட்டார் என்று பேச்சு. தானியத்தை மிச்சம் பிடிக்க, திங்கட்கிழமை இரவு அடுப்பு மூட்டுவதில்லை என்று எங்கள் குவார்ட்டர்ஸில் பல வீடுகள் முடிவு செய்தன. (மாமியாருக்கு ஏற்கெனவே ஏகாதசி, சஷ்டி எல்லாம் உண்டு, இதுவும் சேர்ந்தது.)

நவம்பரில் வாசல் துண்டு நிலத்தைக் கொத்தினோம். எனக்குத் தெரிந்தது நெல். தண்ணீர் நின்றால்தான் பயிர் என்று நினைப்பவள். பெஹன்ஜி பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட லாயல்பூர்க்காரி, பிரிவினையில் வாய்க்கால் பாசன நிலத்தை விட்டு வந்தவர். நான் வாளியைத் தூக்கினாலே கத்துவார். விதைத்து மூன்று வாரம் கழித்து முதல் தண்ணீர், அப்போதுதான் தூர் கட்டும் வேர் இறங்கும். அந்தத் தண்ணீர் தவறினால் மற்றது எத்தனை விட்டும் பிரயோஜனமில்லை என்பார். அதற்கப்புறமும் மண் காய்ந்த பிறகுதான். குழாயில் தண்ணீர் வருவதே காலையும் மாலையும் கொஞ்ச நேரம் என்பதால், அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து வைப்பேன்.

ஜனவரியில் தாஷ்கண்டிலிருந்து சாஸ்திரி இறந்த செய்தி வந்தபோது பயிர் முழங்கால் உயரம். தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோவை அணைக்கவில்லை.

கதிர் பால் பிடித்ததும் கிளிகள் வந்தன. இவர் தகர டப்பா கட்டித் தொங்கவிட்டார். கிளிகள் அதன்மேலேயே உட்கார்ந்தன. ஏப்ரலில் அறுத்து, சிமெண்ட் தரையில் தடியால் அடித்து, முறத்தில் புடைத்தேன். மாவு மில் சக்கிக்காரர் இவ்வளவு கொஞ்சத்துக்கா மிஷின் ஓட்டுவது என்று முணுமுணுத்தார். பெஹன்ஜி வீட்டுக் கோதுமையோடு சேர்த்து அரைத்து, மாவைப் பங்கிட்டுக்கொண்டோம்.

அந்தக் கோடையில் அரசாங்கம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்கியது. அப்போது உணவு அமைச்சர் நம்ம ஊர் சி. சுப்பிரமணியம். கோதுமையை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, நாங்கள் அந்த இடத்தில் வெண்டையும் புடலையும் போட்டோம். துண்டு நிலத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும்.