வெள்ளம் வந்தாச்சா

நவம்பர் 14, 2016
கிணற்றில் தண்ணீருக்கு மேலே ஏழு உறை தெரிகிறது.

நவம்பர் 19
பருவமழை தொடங்கிவிட்டதாக அறிவித்து மூன்று வாரம் ஆகிறது. எங்கே தொடங்கியதோ. மொட்டை மாடியில் வற்றல் போட்டு எடுக்க மறந்தே போனேன், ஒரு துளி விழவில்லை. காலையில் வங்கி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் முறை வரும்போது பணம் தீர்ந்தது. கால்வாயின் கடைசியில் இருக்கிற கடைவரம்பு வயல்காரர் மகளுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

அப்பா கட்டிலில் இருந்தபடி நாலு தடவை கேட்டார். "வெள்ளம் வந்தாச்சா மக்கா?" எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். அனந்தனார் காலில், அதாவது கால்வாயில், இந்த வாரம் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் முறை.

வரவில்லை.

டிசம்பர் 3
எட்டு உறை. மழையே இல்லாமல் மூன்று வாரத்தில் ஒரே ஓர் உறைதான் இறங்கியிருக்கிறது. கிணறு பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: வானிலை வறட்சி, வேளாண் வறட்சி, நீரியல் வறட்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வழக்கமான மழையில் 26 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் வறட்சி, 50-ஐத் தாண்டினால் கடும் வறட்சி. ஒரு பையன் எழுந்து, "நம்ம ஊர்ல இப்போ எது டீச்சர்?" என்றான். முதலாவது என்றேன். ராத்திரி பூரா அதுவே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியதே தப்பு. அது மூன்று சாமான் இல்லை, ஒரே சாமான் நடந்து வருகிறது. அக்டோபரில் வானத்தில் இருந்தது, இப்போது எங்கள் மண்ணில் இறங்கியாயிற்று. அப்புறம் குளம், அணை, கடைசியாகக் கிணறு. திரும்பும்போதும் அதே வரிசைதான். மழை பெய்த அன்றே வானம் சரியாகிவிடும், கிணற்றுக்கு மாதக்கணக்காகும். கிணறு பொறுமைசாலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குத் தகவல் லேட்டாகப் போகிறது, அவ்வளவுதான்.

திங்கள்கிழமை கட்டத்தை அழித்துவிட்டு அம்புக்குறி போட வேண்டும்.

டிசம்பர் 6
பள்ளி இல்லை. டிவி முழுக்க மெரினா, ஜெயலலிதா அடக்கம். அப்பா கேட்டது அதே கேள்வி.

டிசம்பர் 13
வர்தா புயல். பத்து தடவை அடித்து அண்ணன் கிடைத்தான். தெருவில் மரமெல்லாம் சாய்ந்து கிடக்கிறதாம், கரண்ட் இல்லையாம். அப்பா போனை வாங்கி, "வெள்ளம் வந்தா?" என்றார். அவன் சென்னைக்காரனாகிப் பத்து வருஷம் ஆகிறது, போன வருஷ மழைவெள்ள நினைப்பில், "இல்லப்பா, நல்லவேளை, காத்துதான்" என்றான். "இங்கயும் வரல்ல" என்று போனை என்னிடம் நீட்டினார்.

இங்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி.

டிசம்பர் 24
ஏலாவுக்கு, வயல்வெளிக்கு, போனேன். எங்கள் எண்பது சென்டில் வரப்போரமாக ஒரு வெடிப்பு. கையை நுழைத்தேன், மணிக்கட்டு வரை போயிற்று. அடியில் தொட்டுப் பார்த்தேன், சூடு. பொதியில் இருக்கிற கதிர் ஒன்றை நகத்தால் பிரித்தேன். வெளுத்து, நூல்போல இருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் அவ்வளவும் சாவிதான், வெறும் பதர்.

மேல்மடையில் பச்சை. காலிலேயே பம்புசெட் வைத்து இழுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை, நானும் அங்கே இருந்தால் இழுப்பேன். ஆனால் பேச்சிப்பாறை அணையில் இருக்கிற தண்ணீரை மட்டும் வைத்து வறட்சியைக் கணக்கிடுகிறவர்கள் இந்த இரண்டு வயலுக்கும் நடுவில் ஒருமுறை நடந்து பார்க்கலாம்.

டிசம்பர் 29
பதினொன்று. பக்கத்துப் புரையிடத்தில் ஆழ்துளை போட்டார்கள், ராத்திரி முழுக்கச் சத்தம்.

ஜனவரி 4, 2017
குலசேகரத்திலிருந்து அத்தை பேசினார். அங்கே கிணற்றில் இன்னும் குறையில்லை, ரப்பர் பால்தான் கொஞ்சம் குறைவாம். "உங்க பக்கம் அப்படியா மக்கா?" இத்தனைக்கும் ஒரே மாவட்டம். வடகிழக்குப் பருவமழை எல்லோரையும் சேர்த்துத்தான் ஏமாற்றியது. ஆனால் மேற்கே ஆனி ஆடியில் நனைவது அதிகம், மலையும் காடும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் அவ்வளவு சேமிப்பு கிடையாது, அவர்கள் முதலில் காய்ந்தார்கள். அப்புறம் நாங்கள். அத்தை வீட்டுக்கு எப்போது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

ஜனவரி 10
அறிவித்துவிட்டார்கள். 32 மாவட்டமும் வறட்சி. மழை 62 சதவீதம் குறைவு. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நிலவரி தள்ளுபடி. எண்பது சென்டுக்கு 4,372. பேப்பரில் போட்டுப் பார்த்தேன், வைக்கோலுக்கே காணாது. வயல் போனதை ஜனவரியில் சொல்கிறார்கள். கிணற்றுக்கு யார், எப்போது அறிவிப்பார்கள்?

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ முறை?" என்றார்.

ஜனவரி 13
பதினான்கு. நாளை பொங்கல். வாளி தண்ணீரைத் தொடவில்லை, கயிறு எட்டவில்லை. வடசேரி சந்தையில் பத்து முழம் வாங்க வேண்டும்.