கடைசிப் பத்து மீட்டர்

பிப்ரவரி 3, திங்கள்

ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் இட எண்களை வைத்துத் தேடுகிற ஜியோகேச்சிங் விளையாட்டுக்காக நான் வாங்க நினைக்கும் அந்தத் தொடுதிரை ஜிபிஎஸ் மாடலைப் பற்றி இன்றும் தேடித் தேடிப் படித்தேன். வாங்கியவர்களில் ஒரு சாரார் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், இன்னொரு சாரார் திட்டித் தீர்க்கிறார்கள். "பரவாயில்லை" என்று சொல்பவர் ஒருவரும் கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லையாம். வலி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தம்பி பிடிவாதமாக இருக்கிறான். "அக்கா, உனக்கு எதுக்கு இவ்வளவு வசதி? என்னோடதை எடுத்துக்கோ, நான் வேற வாங்கிக்கறேன்." அவனிடம் இருப்பது கார்மின் இட்ரெக்ஸ் 10. 2011-இல் வந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, ஓரத்தில் பட்டன்கள். இரண்டு டபுள் ஏ பேட்டரி போட்டால் 25 மணி நேரம் ஓடும். அதை எத்தனையோ தரம் கீழே போட்டிருக்கிறான். புலாவ் ஊபின் தீவில் சைக்கிளோடு சேற்றில் விழுந்தபோது அதுவும் கூடவே விழுந்தது. துடைத்தான், வேலை செய்தது. அதன் உழைப்பில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதில் மின்னணுத் திசைமானி கிடையாது. நடந்துகொண்டே இருந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குத் தெரியும். நின்றால் அம்புக்குறி தடுமாறும். ஜியோகேச்சிங்கில் நாம் எப்போது நிற்கிறோம்? டப்பாவுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான். அதுவரை வழி காட்ட எந்தக் கைப்பேசியும் போதும். கடைசிப் பத்து மீட்டரில்தான் அரை அடியாக வைப்போம், திரும்புவோம், குனிவோம், மறுபடி நிற்போம். அம்பு தேவைப்படுகிற இடமே அதுதான். அங்கே போய் அது கையை விரித்தால் மற்ற நேரத்து உழைப்பால் எனக்கு என்ன பயன்?

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டர் இன்றும் வரவில்லை. நாளை என்றார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

டாக்டர் வந்தார். இடுப்பு எலும்பு நன்றாகச் சேர்கிறது என்றார். எப்போது நடக்கலாம் என்று கேட்டதற்கு நேரான பதில் இல்லை.

இரவு மறுபடி அதே யோசனை. அந்த மாடலில் மூன்று அச்சுத் திசைமானி இருக்கிறது, காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி இருக்கிறது, கேமரா, நிலவரைபடம் எல்லாம் இருக்கின்றன. கைப்பேசியோடு புளூடூத்தில் பேசி கேச்சின் (ஒளித்துவைத்த டப்பாவின்) குறிப்பு, முன்னால் போனவர்கள் எழுதியது என்று அத்தனையையும் இறக்கிக்கொள்கிறது. இவற்றில் பாதி இல்லாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை, கேமரா வேண்டவே வேண்டாம். எனக்கு வேண்டியது இரண்டு: திசைமானி, அப்புறம் இரட்டை அலைவரிசை, அதாவது செயற்கைக்கோள் அனுப்பும் அலைகளை இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் வசதி.

இந்தச் சிங்கப்பூருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தம்பிக்குப் புரியவைக்க முடியவில்லை. ஷென்டன் வே பக்கம் போய் நின்றால் தெரியும். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை நேராகவும் வருகிறது, கண்ணாடியில் பட்டுத் திரும்பியும் வருகிறது. பட்டுத் திரும்பியது கொஞ்சம் தாமதமாக வந்துசேரும். பத்து நானோ செகண்ட் தாமதம் என்றால் மூன்று மீட்டர் பிழை. பழைய எல்1 அலைவரிசையை மட்டும் கேட்கிற கருவி இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறது. புதிய எல்5-இன் குறியீடு அதைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடுவதால் நேராக வந்ததையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்தெடுப்பது எளிது. தோ பாயோவில் இரண்டு அடுக்குமாடி புளோக்குக்கு நடுவில் ஒரு நானோ டப்பாவைத் தேடிக்கொண்டு நிற்கும்போது இதெல்லாம் வெறும் தத்துவம் இல்லை. அந்த டப்பா சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். காந்தத்தால் கம்பியில் ஒட்டியிருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த காகிதத்தை இடுக்கியால்தான் இழுக்க முடியும். கருவி பத்து மீட்டர் தள்ளிக் காட்டினால் தேட வேண்டிய இடத்தில் ஒரு புளோக்கின் கம்பி, குழாய், மின்பெட்டி அத்தனையும் வந்துவிடும்.

பிப்ரவரி 8, சனி

காலையில் பழைய ரயில் பாதையில் நடந்தோம். 2011 ஜூலையில் மலாயன் ரயில்வே நிலம் சிங்கப்பூரின் கைக்கு வந்த பிறகு நடைபாதையாக ஆன அந்த 24 கிலோமீட்டரில் புக்கிட் தீமா பக்கத்துத் துண்டுதான் எனக்கு எப்போதும் பிடித்தது. எந்த இடம் என்று எழுத மாட்டேன், தேடுகிறவர்களுக்குக் கெடுதல்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. என் கைப்பேசித் திரையில் துளி விழுந்ததும் படம் தானாகப் பெரிதாகி, தானாக வேறு பக்கம் ஓடியது. தம்பி ஒன்றும் சொல்லாமல் பட்டனை அமுக்கிக்கொண்டு நடந்தான். டப்பாவை அவன்தான் எடுத்தான். பழைய ஃபிலிம் டப்பா, மேலே மரப்பட்டை ஒட்டியிருந்தார்கள்.

நான் பார்த்துவைத்திருப்பதும் தொடுதிரைதான். திரும்பி வரும் வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடிவதற்கு முன்பே பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த வருடம் தனியாக. டேங்க் ரோடு முருகன் கோயிலில் பாலைச் சேர்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விபூதியைப் பூசியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "கூட்டம் அதிகமா? வெயிலுக்கு முன்னாடி நடந்துட்டியா? காலு சுடலையே?" என்று வரிசையாகக் கேட்டார்.

அந்த முருகன் கோயிலுக்குப் பின்னால்தான் ஃபோர்ட் கானிங் குன்று. அந்தப் பக்கம் இன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நிறைய கேச்சுகளை ஏற்றினால் தொடங்கும்போதே உறைந்துபோகிறது. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் திசைமானி உளறுகிறது. சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிடுகிறது. பேட்டரி உள்ளேயே இருப்பதால் பழசானால் நாமே மாற்ற முடியாது.

எழுதிவிட்டு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று தோன்றியது. உறைந்துபோகிற கருவி தான் உறைந்துவிட்டதை நமக்குக் காட்டிவிடுகிறது. நாம் உடனே வேறு வழி பார்ப்போம், கைப்பேசியை எடுப்போம். பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு "இங்கேதான்" என்று காட்டுகிற கருவி அப்படி இல்லை. அதை நம்பித் தவறான மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவோம், டப்பா காணாமல் போய்விட்டது என்று பதிவுகூடப் போட்டுவிடுவோம். நம்பகம் என்ற சொல்லை எல்லோரும் முதல் வகைக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய பயம்.

இதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். படித்துவிட்டான். பதில் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

பதில் வந்தது. "லேடாங்ல உறைஞ்சா?"

பிப்ரவரி 15, சனி

மார்ச்சில் நாங்கள் ஏற நினைத்திருக்கும் மலேசியாவின் லேடாங் மலை 1,276 மீட்டர். மரத்துக்கு நடுவே வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள், கயிறு, ஏணி. இறங்கும்போது மழை வந்தால் நேரம் இரட்டிப்பாகும். அங்கே ஒரு கருவி உறைந்தால் தோ பாயோவில் உறைவதைப் போல இருக்காது. இதில் தம்பி சொல்வது சரி, முழுக்கச் சரி. ஆனால் மலையில் நான் தனியாகப் போகவில்லையே! அவனிடம் இட்ரெக்ஸ் இருக்கும், என்னிடம் இது இருக்கும், வழிகாட்டியும் கூட இருப்பார். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதைவிட வேறு வேறாக இருப்பதுதான் நல்லது. ஒன்றைக் கெடுக்கிற காரணம் மற்றதைக் கெடுக்காது.

மார்ச் பள்ளி விடுமுறை 15-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால்தான் இந்தப் பேச்செல்லாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. தொலைக்காட்சி வேண்டாம் என்கிறார். சரி என்று இந்த விளையாட்டு வந்த கதையைச் சொன்னேன். 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் திருந்திவிட்டன. மே 3-ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்துவிட்டு, அதன் இட எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வாளிக்குள்ள என்ன இருந்துச்சு?"

"புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ்."

"பீன்ஸா? அத எதுக்கு வைக்கணும்?" பக்கத்துக் கட்டில் மலாய்ப் பாட்டிக்கும் தனக்குத் தெரிந்த மலாயில் அதைச் சொன்னார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். விழுந்த பிறகு அம்மா இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரவு ஒன்றரை. தூக்கம் வரவில்லை, படித்ததை எழுதிவிடுகிறேன்.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே. தலைக்கு மேலே அயனி மண்டலம், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல்வளி, ரேகையைவிட்டு வெகுதூரம் தள்ளிய பல நாடுகளில் இருப்பதுபோல் அமைதியாக இருப்பதில்லை. சூரியன் மறைந்த பிறகு அதில் குமிழிகள் கிளம்புகின்றன. மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அதிகம். சூரியனின் கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம், இந்த 2025-உம் அப்படிப்பட்ட காலம்தான். அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் அலை நட்சத்திரம் மினுக்குவதுபோல் ஏறி இறங்குகிறது. போன வருடம் ஒரு மாலை லேப்ரடார் பூங்காவில் என் கைப்பேசி கடலுக்குள் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இரட்டை அலைவரிசை இந்த மினுக்கலை முழுக்கச் சரிசெய்யாது. ஆனால் அயனி மண்டலம் ஏற்படுத்துகிற சாதாரணத் தாமதத்தை அளந்து கழித்துவிடும். எல்1, எல்5 இரண்டும் வேறு வேறு அளவில் தாமதமாவதால் அந்த வித்தியாசத்தை வைத்தே கணக்குப் போட முடிகிறது. எங்கோ குளிர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு "சாதா மாடலே போதும்" என்று எழுதுகிறவர்களின் வானம் வேறு, நம் வானம் வேறு.

வாங்கப் போகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

வாங்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மாவின் பில் வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தார்! தாதி கைதட்டினார். அம்மா முகத்தில் வலி தெரிந்தது, ஆனால் நிற்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் அதே மாடல், புதிது விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். உத்தரவாதம் முடிந்துவிட்டது. செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். விற்கிறவர் வயதான சீனர், முட்டி தேய்ந்துவிட்டதால் மலையேறுவதை விட்டுவிட்டாராம். எதையும் மறைக்கவில்லை. "சில நேரம் உறைந்துவிடும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருங்கள், திரும்ப வரும்" என்று அவராகவே சொன்னார். ரப்பர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே துரு இல்லை. ஓரத்தில் ஒரு கீறல், அவர் அதன்மேல் நகப்பூச்சு தடவியிருந்தார். பாட்டிலில் தண்ணீர் எடுத்துத் திரையில் தெளித்து விரலை ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தயங்கியது, ஆனால் கைப்பேசிபோல் பைத்தியம் பிடித்து ஓடவில்லை. திரைப்பூட்டுக்குத் தனியாகப் பட்டனும் இருக்கிறது.

வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

புளோக்கின் வாய்ட் டெக்கில் (கீழ்த்தளத்துத் திறந்த இடத்தில்) திசைமானியைச் சரிப்படுத்தினேன். கருவியைக் கையில் பிடித்து மெதுவாக ஒரு சுற்று, பிறகு கவிழ்த்து, பிறகு பக்கவாட்டில். தூணுக்குள் இருக்கும் இரும்பு குழப்பும் என்று புல்தரைக்குப் போய் இன்னொரு முறை செய்தேன். அசையாமல் நின்றேன். அம்புக்குறியும் அசையாமல் நின்றது. உடம்பைத் திருப்பினேன், திரும்பியது. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்!

பிப்ரவரி 25, செவ்வாய்

உறைந்தது. ஊர் முழுக்க உள்ள கேச்சுகளை ஒரே கோப்பாக ஏற்றியிருந்தேன். பட்டனை அமுக்கிப் பிடித்தேன், வந்தது. இனி போகிற இடத்துக்கு மட்டும் ஏற்றுவேன். மலைக்குப் போகிற வாரத்தில் எந்தப் புதுப்பிப்பும் செய்ய மாட்டேன். இட எண்களைக் காகிதத்திலும் எழுதிக்கொள்வேன். நிமிடத்தில் மூன்றாவது தசமம் வரை எழுதினால் போதும், இரண்டு மீட்டருக்குள் வந்துவிடும்.

அம்மாவைச் சமூக மருத்துவமனைக்கு மாற்றுவதாகச் சொன்னவர்கள் இப்போது படுக்கை காலி இல்லை என்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் தெரியாது.

பிப்ரவரி 27, வியாழன்

படுக்கை கிடைத்தது. ஆம்புலன்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை.

மார்ச் 1, சனி

ஷென்டன் வேயில் தம்பியோடு. ஒரே இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவனுடையது சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பதாகக் காட்டியது, என்னுடையது நடைபாதையிலேயே வைத்தது. அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, கட்டடத்துக்கு நடுவுல உன்னோடதுதான்" என்றான். மலையைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

லேடாங் பெர்மிட்டுக்குப் பணம் கட்டிவிடலாமா என்று தம்பி கேட்கிறான். அம்மாவுக்கு 14-ஆம் தேதி டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். இரவு எட்டரைக்குப் பூங்காவில் மறுபடி சோதித்தேன். ஏழு மீட்டர் தள்ளிக் காட்டியது, பிறகு நான்கு, பிறகு பதினொன்று. நாளை இதே நேரத்துக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.