ரத்தம் ஏத்தலையா பிரதர்?

என் யூனிஃபார்ம் பாக்கெட்டில் எப்போதும் ஒரு தையல்காரர் டேப் இருக்கும். பெங்களூரில் ஐசியூ நர்ஸ் வேலை எனக்கு. வென்டிலேட்டரில் போட்ட நோயாளியைக் காலை நீட்டிப் படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளப்பேன். கால் நீட்ட முடியாவிட்டால் முன்கை எலும்பை அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போன மாதம் அல்சூர்க்காரர் ஒருவர், அம்மாவைப் பார்க்க உள்ளே வந்தவர், டேப்பைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். "எதுக்கு பிரதர் அளக்குறீங்க?" அவர் என்ன நினைத்தார் என்று சொல்லவா வேண்டும்!

ஒவ்வொரு மூச்சுக்கும் மெஷின் எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதற்கு உயரம்தான் கணக்கு. குண்டானால் தொப்பை வளரும், நுரையீரல் வளராது. அந்த அம்மா 78 கிலோ, உயரம் 150 செ.மீ. அந்த உயரத்துக்குச் சூத்திரம் சொல்லும் எடை 43 கிலோ சொச்சம். கிலோவுக்கு 6 மில்லி வீதம் 260 மில்லி. 78-ஐ வைத்துப் பெருக்கியிருந்தால் 468! நிமோனியாவில் பாதி அடைத்துப்போன நுரையீரலில் அவ்வளவு காற்றும் மிச்சமிருக்கும் நல்ல பகுதிக்குள்தான் போய் முட்டும். இது தெரிந்தும் சில கேஸ் ஷீட்டுகளில் வருகிற ஆண்கள் எல்லோருக்கும் உயரம் 165 என்று எழுதியிருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த 6 சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் ஆர்ட்ஸ்நெட் என்ற ஆய்வுக் குழு, நுரையீரல் கடுமையாகப் பாதித்து வென்டிலேட்டரில் இருந்த 861 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு அப்போது வழக்கத்தில் இருந்த 12 மில்லி, இன்னொரு சாராருக்கு 6 என்று வைத்துப் பார்த்தது. 2000-இல் முடிவு வந்தது. 12-இல் இறந்தவர்கள் சுமார் 40 சதவீதம், 6-இல் 31. இதில் எனக்கு இன்னமும் ஆச்சரியம் என்னவென்றால், முதல் சில நாட்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் நன்றாக இருந்தது 12 வாங்கியவர்களுக்குத்தான். மானிட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பான பக்கம்தான் சாய்ந்திருப்போம்.

மகனுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்துவிட்டேன். ரத்தம் விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.8. மகன் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். "ரத்தம் ஏத்தலையா பிரதர்? காசு கட்ட மாட்டோம்னு நினைச்சிட்டீங்களா?" 1999-இல் கனடாவில் ஐசியூ நோயாளிகள் 838 பேரை வைத்து இதையும் பார்த்துவிட்டார்கள். 10-க்குக் கீழே போனதும் ஏற்றியதைவிட, 7-க்குக் கீழே போகும்வரை காத்திருந்ததால் சாவு கூடவில்லை. ரத்தக்கசிவோ மாரடைப்போ இருந்தால் கணக்கு வேறு. அந்த அம்மாவுக்கு இரண்டும் இல்லை. டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் நண்பர்கள் கலைந்தார்கள், அதுவும் அரை மனதாக. அந்த மகனைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற தாய் படுத்திருக்கும்போது 'பொறுத்திருப்போம்' என்ற பேச்சு காதில் ஏறுமா?

வெளிநாட்டு ஆய்வு நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களிடம் பிளாசிட் ஆய்வைச் சொல்வேன். கொரோனாவிலிருந்து தேறியவர்களின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, மற்ற நோயாளிகளுக்கு ஏற்றினால் வேலை செய்கிறதா என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நம் நாட்டிலேயே 39 மருத்துவமனைகளில் 464 பேரை வைத்துப் பார்த்தது. நோய் முற்றுவதும் குறையவில்லை, சாவும் குறையவில்லை. 2020 அக்டோபரிலேயே முடிவு அச்சாகிவிட்டது. ஆனால் 2021 ஏப்ரலில் என் வாட்ஸ்அப் முழுக்க பிளாஸ்மாதான். எந்த குரூப், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குள் வேண்டும் என்று ஊரிலிருந்து சித்தப்பா வரை கேட்டார்கள். அரசு வழிகாட்டுதலிலிருந்து அதை எடுத்தது மே மாதம். அதற்கப்புறமும் சில வாரம் போன் வந்துகொண்டுதான் இருந்தது.