காரின் துணி சீட்டில் சாம்பார் கறை, பால் வாடை, தண்ணீர் வளையம்: செய்து பார்த்தது

எடுத்துக்கொண்டது வெளிர் பழுப்புத் துணி சீட் போட்ட ஒரு ஹேட்ச்பேக். பின் சீட்டில் சாம்பார் கொட்டிய கறை, அதை ஒட்டியே பால் சிந்திக் காய்ந்த இடம், டிரைவர் ஹெட்ரெஸ்ட்டில் தலை எண்ணெய்ப் பிசுக்கு, கதவுத் துணியில் பால்பாயின்ட் பேனா கோடு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: சீட்டுக்குள் இறங்கும் தண்ணீர் எவ்வளவு குறைவோ, வேலை அவ்வளவு சுத்தமாக முடியும். கண்ணுக்குத் தெரியும் துணிக்குக் கீழே கனமான ஃபோம் இருக்கிறது. துணியின் அழுக்கை எடுப்பதைவிட, ஃபோமில் இறங்கிய ஈரத்தை வெளியே கொண்டுவருவது பல மடங்கு சிரமம்.

முதலில் முன் சீட்டுகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயர். அதைக் கழற்றவும் கூடாது, நனைக்கவும் கூடாது. ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சாரும் பல கார்களில் முன் பயணி சீட்டுக்குள் இருக்கும். வாட்டர் வாஷ் செய்யும்போதே சீட்டிலும் நாலு மக் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காதது இதனால்தான்.

அடுத்தது வேக்யூம். இதில் அவசரம் கூடாது. சீட்டை முழுக்க முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை. தையல் ஓரங்களைக் கையால் விரித்துப் பிடித்து, மெல்லிய முனையை உள்ளே விட வேண்டும். மணல் மிச்சம் இருக்கும்போது ஈரம் பட்டால் அது சேறாகி இழைக்குள் போய்விடும்.

கலவை எளிது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, மிதமான திரவ சோப்பு. நன்றாகக் கலக்கி, மேலே எழும் நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் அள்ளித் தேய்க்க வேண்டும். சோப்பு கூடினால் பளிச்சென்று ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். அலசி எடுக்க முடியாத சோப்பு துணியில் ஒட்டிக்கொண்டு புதுத் தூசியைப் பிடித்து வைக்கும். சில வாரங்களில் அதே இடம் முன்பைவிடக் கறுத்துப்போகும்.

இனி சாம்பார். இந்தக் கறையில் எண்ணெய் இருக்கிறது, புளி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சள் இருக்கிறது. எண்ணெயும் புளியும் நுரைக்கே போய்விடும், மஞ்சள் போகாது. இங்கேதான் சமையல் சோடாவை எடுக்கத் தோன்றும், எடுக்கக் கூடாது. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதல்லவா, அதே வேதியியல்தான் சீட்டிலும். சுண்ணாம்பு, சமையல் சோடா போன்ற காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான அல்கலி) பட்டால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். துணி சோப்புத் தூளும் காரம்தான், அதைப் போட்டாலும் இதே கதை. அப்படிச் சிவந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு பங்கு வெள்ளை வினிகரை நாலு பங்கு தண்ணீரில் கலந்து ஒற்றினால் நிறம் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும்.

அந்த மஞ்சளுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நன்றாகக் கேட்டது. வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். தேய்த்தால் பரவும். துணியில் மஞ்சள் ஏற ஏற வேறு பக்கம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். வண்ணத் துணி வேண்டாம், அதன் சாயம் சீட்டில் இறங்கிவிடும். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது. எல்லாக் கதவும் திறந்து, இக்னிஷன் ஆஃப் செய்து, சிறு பகுதியாகத்தான் செய்ய வேண்டும். எந்த மருந்தையும் முதலில் சீட்டின் அடிப்பக்கத்தில் தொட்டு, காயவிட்டுப் பார்த்த பிறகே மேலே கொண்டுவர வேண்டும்.

கடைசியாக நிற்கும் வெளிர் மஞ்சள் நிழலுக்குச் சிறந்த மருந்து வெயில். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையும். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்திலும் மங்கும், கதவைத் திறந்து நேர் வெயில் பட வைத்தால் இன்னும் சீக்கிரம். அதற்கும் மசியாவிட்டால், வெளிர் நிறத் துணிக்கு மட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் 20 வால்யூம் என்று கிடைப்பது ஏறக்குறைய 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 ஆகும், அது போதும். வினிகர் பட்ட இடத்தில் பெராக்சைடு போடுவதாக இருந்தால், வெறும் தண்ணீரால் ஒற்றி எடுத்துக் காய்ந்த பிறகுதான். ப்ளீச்சிங் திரவம் காருக்குள் வேண்டவே வேண்டாம். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய இடத்தில் அது ஆபத்து.

பால் வேறு ரகம். கொதிநீரோ நீராவியோ பட்டால் புரதம் கெட்டியாகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீரில் ஒற்றி, பிறகு என்சைம் உள்ள திரவ டிடர்ஜென்ட்டைக் கலந்து தெளித்து 20 நிமிடம் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும், தெளித்ததும் துடைத்தால் வீண். வாடை விடாமல் அடித்தால் பால் ஃபோமுக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஈரம் உறிஞ்சும் வேக்யூம் இல்லாமல் தீராது. மேலே பெர்ஃப்யூம் அடிப்பது வாடையை இரண்டாக்கும், அவ்வளவே.

ஹெட்ரெஸ்ட் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோளமாவு தூவி ஓர் இரவு விட்டு உறிஞ்சி எடுத்து, பிறகு நுரை. பேனா கோட்டுக்கு ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சு, ஒரு தடவலுக்கு ஒரு பஞ்சு.

எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, கறை இருந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. இது கறையல்ல. ஈரம் ஓரத்துக்கு ஓடிப்போய் அங்கே ஆவியாகும்போது, கரைந்த அழுக்கையும் சோப்பையும் அந்தக் கோட்டில் விட்டுவிடுகிறது. அந்த இடத்தையே மறுபடி நனைத்தால் வளையம் பெரிதாகும், போகாது. ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதியையும் வெறும் தண்ணீரால் ஒரே சீராக லேசாகத் தெளித்து, ஒரே பக்கமாகத் துடைத்து, வேக்யூமால் உறிஞ்ச வேண்டும். கீழிருந்து கறை மேலேறி வரும் இடத்தில் மடித்த வெள்ளைத் துணியை வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி இரவு விட்டால், மேலே வரும் அழுக்கு அந்தத் துணியில் ஏறும். வளையம் போனது இப்படித்தான்.

காயவைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் கண்ணாடியை இறக்கி வைத்தால் மட்டும் போதாது, டேபிள் ஃபேனைச் சீட்டைப் பார்த்து வைக்க வேண்டும். ஃபேன் இல்லையென்றால் ஏசி ஓட்டலாம், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். இன்ஜின் ஓடுவதால் திறந்த வெளியில் மட்டுமே. வெள்ளை டிஷ்யூவை முழு பலத்தோடு அழுத்தி எடுத்தால் அதில் ஈரம் தெரியக் கூடாது. அதுவரை கதவை மூடிப் பூட்டினால் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்தது போல.

சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, ரீல் அருகே கிளிப் போட்டு, அதே சோப்பு நுரையால் நீளவாக்கில் துடைத்தாயிற்று. ஆல்கஹால், பெராக்சைடு எதுவும் பெல்ட்டில் படக் கூடாது, உயிரைத் தாங்கும் இழை அது. காய்ந்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும்.

பாக்கி இருப்பது மேற்கூரைத் துணி. அது பசையால் ஒட்டப்பட்டது. ஈரமோ நீராவியோ கூடினால் பசை விட்டு, துணி தொங்கிவிடும். பிரஷ் இல்லாமல், நுரை தொட்டுப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுக்கு தெரியும் இடத்தை மட்டும் ஒற்றலாம் என்று வைத்திருக்கிறேன்.