அம்மாவின் எலும்பு மருந்து: கோத்தகிரி நாட்குறிப்பு

18.11.2024
சொத்தைப் பல் இரண்டையும் இன்று பிடுங்கியாகிவிட்டது. "முதுகு வலிக்குப் போய் பல்லையா புடுங்குவாங்க?" என்று வீடு வரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்தை ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால், தாடை எலும்பு சிலருக்கு ஆறாமல் செத்துப்போகுமாம். அதனால் பல் வேலை முதலில். புண் ஆறிய பிறகுதான் மருந்து. ஒரு வருடமாக இங்கே எலும்புத் தேய்மானம் என்றே சொல்லி வலி மாத்திரை கொடுத்து வந்தார்கள். அது மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய் என்று கோவையில்தான் தெரிந்தது. அது இருப்பவர்களுக்கு அந்த மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும் என்று அங்கே சொன்னபோது வயிறு எரிந்தது. இன்னும் ஆறவில்லை.

12.12.2024
விடியற்காலை பஸ். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை வளைவுக்கு வளைவு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் ராத்திரியும் சிவந்தே இருந்தது.

மருந்தின் பெயர் ஜொலிட்ரானிக் ஆசிட். வழக்கமான அளவு 4 மில்லிகிராம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்த்துவிட்டு அம்மாவுக்கு 3.5 ஆகக் குறைத்தார்கள். காத்திருந்தது அரை நாள், டிரிப் ஏறியது 15 நிமிடம்.

எலும்பைக் கரைக்கும் செல் ஒன்று, கட்டும் செல் ஒன்று. இரண்டும் சேர்ந்துதான் எலும்பைப் புதுப்பிக்கின்றன. இந்த நோயில் கரைப்பது மிஞ்சிப்போகிறது, கட்டுவது படுத்துவிடுகிறது. மருந்து எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த எலும்பைக் கரைக்க வரும் செல் செத்துப்போகும். டாக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னேன். "துளிர் விடுறதுக்குள்ள திரும்பத் திரும்ப கவாத்து வெட்டினா?"

"செடி பட்டுப்போகும் புள்ள." முப்பது வருடம் கொழுந்து பறித்தவள்.

"அந்தக் கத்தியைப் புடுங்கத்தான் இந்த மருந்து."

13.12.2024
காய்ச்சல் 101. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. முதல் டிரிப்புக்கு இப்படி வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கீமோ ஓடுகிற உடம்பு. போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். பாராசிட்டமால், கஞ்சி.

19.12.2024
காய்ச்சல் போனது, வலி போகவில்லை. "வெறும் தண்ணியத்தான் ஏத்துனாங்களோ?" என்கிறாள். இது போட்டவுடன் கேட்கிற மருந்து இல்லை, வாரக்கணக்கில்தான் தெரியும். அதுவரை மார்ஃபின். பழகிப்போகும், கொடுக்காதே என்கிறாள் பக்கத்து லயத்து அக்கா. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கிறேன். வலியில் பல்லைக் கடித்துக் கிடப்பவளை வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது. கால்சியமும் வைட்டமின் டியும் தினம் உண்டு. உதட்டைச் சுற்றி மரத்துப்போனால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம், உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

04.01.2025
வெளியே நல்ல பனி. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவின் கட்டில் கிறீச்சிட்டது. மாதக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே "ஐயோ" வரும், நான் எழுந்து இடுப்புக்குக் கை கொடுத்துத் திருப்பிவிடுவேன். கம்பளியை விலக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குரல் வரவில்லை. சுவர்ப் பக்கம் தானாகவே திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறாள்.

கீமோவும் சேர்ந்து ஓடுவதால் எது எவ்வளவு கேட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் கேட்டால், திரும்பிப் படுத்ததே அவளுக்கு நினைவில்லை. 9-ஆம் தேதி அடுத்த டிரிப். அதற்கு முன்னால் மறுபடி கிரியாட்டினின் பார்க்க வேண்டும்.