சொந்தக்காரர் இல்லாத ஒரு கதை

அரிசி வாளிக்குள் வங்கிப் புத்தகத்தை ஒளித்து வைக்கிற ஒரு மாமியைப் பற்றிப் போன வருடம் ஒரு சிறுகதை எழுதினேன். அது அச்சில் வந்த கிழமையே மனைவியின் சின்னம்மாமார் மூன்று பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேருமே புத்தகத்தை அரிசிக்குள்தான் வைக்கிறார்கள் என்பது எனக்கே அதற்குப் பிறகுதான் தெரியும். உண்மையில் நான் யாரை நினைத்து எழுதினேனோ அவர், அதாவது என் மாமியார், கதையை இரண்டு தரம் வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “அவளுகள் அப்பிடித்தான் தம்பி. அச்சொட்டா எழுதியிருக்கிங்க” என்றார். சொல்லிக்கொண்டே அரிசி வாளியின் மூடியை ஒரு தரம் அழுத்தி விட்டார்.

மட்டக்களப்பில் கதை எழுதுகிறவனின் சிக்கலை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். இங்கே வீடு வளவு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அக்காவுக்கு ஒரு வீடு, வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சிக்கு ஒரு வீடு, அதற்கும் அங்கால் பெரியம்மாவின் மகளுக்கு ஒரு வீடு. ஆகவே ஆரையம்பதியில் நான் குடியிருக்கிற ஒழுங்கையில் எந்தப் படலையைத் திறந்தாலும் உள்ளே இருப்பது மனைவியின் ஆள். கிணற்றடியில் கேட்ட ஒரு பேச்சை எழுதினால் அது அவளுடைய சின்னம்மாவின் கிணறு. இரவில் நாய் குரைத்தது என்று எழுதினால்கூட அது யாருடைய நாய் என்று ஒழுங்கைக்கே தெரியும்.

மூன்று பேரையும் சமாதானப்படுத்த ஆளுக்கொரு சீலை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கதைக்கு எனக்குச் சன்மானமாக வந்தது அந்த இதழின் இரண்டு பிரதி. அன்றைக்கே மனைவி சட்டம் போட்டுவிட்டாள்: “இனிமேப்பட்டு என்ட ஆக்கள்ல கை வைக்கப்படா. எழுதுறெண்டா வெளிய போய் வேற ஆரயும் பாத்து எழுதுங்க.”

சரி என்றேன். அந்த நேரத்தில் அது பெரிய விட்டுக்கொடுப்பாகத் தெரியவில்லை. போன மாதம் அதே இதழாசிரியர் அழைத்து, பத்தாம் திகதிக்குள் ஒரு கதை வேண்டும் என்றபோதுதான் என் நிலைமை எனக்கே விளங்கியது. தெரிந்தவர்களை எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவர்கள் பால்காரரும் மீட்டர் வாசிக்க வருகிறவரும்தான். அவர்களில் ஒருவர் மச்சாள் முறையில் சொந்தம் எடுத்திருப்பதாக மனைவி நினைவூட்டினாள். ஆக, வெளியே போய்த்தான் தேட வேண்டும்.

வெளியே என்றதும் எனக்கு முதலில் வந்த யோசனை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாடும் மீன். மீன்பாடும் தேன்நாடு என்று ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறோமே தவிர, என் நாற்பத்திரண்டு வயதுக்குள் அந்தப் பாட்டை ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. 1848 இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி இங்கு வந்து, வாவியில் வள்ளத்தில் போய்க் கேட்டு, ஈர விரலால் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழுகிற ஓசைபோல இருந்ததென்று எழுதி வைத்திருக்கிறார். கப்பலேறி வந்தவருக்குக் கேட்டிருக்கிறது. வாவிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கேட்காதா?

பௌர்ணமிப் போயா அன்று இரவு வாத்தியார் நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே வள்ளத்தை நிறுத்தச் சொன்னோம். நிலவு பால் மாதிரி இருந்தது (இந்த உவமையை அங்கேயே வெட்டிவிட்டேன்). கேட்கிற முறை இதுதான்: துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற நுனியைக் காதோடு வைக்க வேண்டும். எனக்கு முதலில் கேட்டது என்னுடைய காது. அப்புறம் பாலத்துக்கு மேலே செல்பி எடுக்கிற பெடியன்களின் சிரிப்பு. துடுப்பை நண்பனிடம் கொடுத்துவிட்டுக் கொப்பியை விரித்துக்கொண்டேன்.

அவன் காதை வைத்த கொஞ்ச நேரத்தில் முகமே மாறிவிட்டது. கண்ணை மூடினான். தலை மெல்ல ஆடியது. “கேக்குதுடா” என்றான். “தாளம்கூட விளங்குது.” எனக்கு மயிர் கூச்செறிந்தது. நிலவு வெளிச்சத்திலேயே அரைப்பக்கம் எழுதிவிட்டேன். வள்ளக்காரர் பீடியைத் தண்ணீரில் சுண்டிவிட்டுச் சொன்னார்: “அது அங்கால கோயில்ல உடுக்கடிக்கிறாங்க தம்பி. இப்ப சடங்குக் காலம்தானே.”

இதை நான் சொல்ல வந்தது நண்பனைக் கிண்டல் பண்ணுவதற்காக இல்லை. நாங்கள் மீனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தபோது, அதே வள்ளக்காரர், “இந்தப் பாலத்துக்குக் கீழ வச்சித்தான் தம்பி என்ட முதல் கல்யாணம் குழம்பின” என்று தொடங்கினார். நான் அவரைப் பார்த்து, “உஷ், மீன்” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாயில் சரிந்த பிறகுதான், என்ன செய்தேன் என்பது உறைத்தது. பாலத்துக்குக் கீழே எப்படி ஐயா கல்யாணம் குழம்பும்? வள்ளத்திலா? பெண் எந்தக் கரையில் நின்றது? அடுத்த நாள் பின்னேரம் போய்த் தேடினேன். அவர் இல்லை. அங்கே நின்ற இன்னொருவர், “மீன் கேக்கப் போவமா சேர்?” என்றார்.

இரண்டாவது முயற்சி படுவான்கரைக்கு, அதாவது வாவியின் மேற்குக் கரைக்கு. இந்தத் தடவை நிலவும் வேண்டாம் மீனும் வேண்டாம், மனிதர்களைத்தான் பார்ப்பது என்று முடிவெடுத்துக் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட இறங்கி, குருமண்வெளித் துறைக்குப் போய், அங்கே மண்டூருக்குப் பாதையில் ஏறினேன். மற்ற ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்களுக்குப் பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனையிலும் 2014 இல் பாலம் வரும்வரை இதுதான் இருந்தது. எழுவான்கரை ஆளும் படுவான்கரை ஆளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இடம். கதை பொறுக்க இதைவிட நல்ல இடம் இருக்காது என்பது என் கணக்கு.

கணக்கில் பிழை எங்கே என்றால், நான் கொப்பியைத் திறந்தேன்.

முதலில் மூலையில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள். லோன் காசு சேர்க்க வருகிற பெடியன்களின் கையிலும் இதே மாதிரிக் கொப்பிதான் இருக்கும். அடுத்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் கிட்ட வந்தார்.

“தம்பி அஸ்வெசும கணக்கெடுக்கிற ஆளா?” அஸ்வெசும என்றால் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசு.

“இல்ல ஐயா. சும்மா எழுதுறன்.”

“சும்மாதான் சொல்லுவாங்க” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். “ஆளக் காட்டாம வந்து பாத்திட்டுப் போறதாக்கும்.” பிறகு என்னிடம் திரும்பி, அடையாள அட்டையை நீட்டினார். “என்ட பேரையும் போடுங்க. வயசு எழுவத்தொண்டு. முழங்கால் ஏலா.”

நான் மறுக்க மறுக்க அது உண்மையாகிக்கொண்டே போனது. வாவியின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் என்னைச் சுற்றி வரிசை. ஒருவருக்கு ஆடு இரண்டு, அதில் ஒன்று நொண்டி. ஒருவரின் மருமகன் குடி. இதையெல்லாம் நான் எழுதுகிறேனா என்று தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். எழுதாவிட்டால் முகம் வாடுகிறது. எழுதினேன். உரப்பைக்குள் இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சேவல் இருந்தது. பாதை முழுக்க என்னிடம் ஒன்றும் கேட்காதது அது மட்டும்தான்.

கரை தட்டியதும் இறங்கி ஓடிவிடலாம் என்று பார்த்தேன். ஒரு பெத்தா (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என் கையைப் பிடித்துவிட்டார். வாய் நிறைய வெற்றிலை. “மனே, எழுதினாக் காணாது. வந்து கண்ணால பாரு. கிட்டத்தான்.” கிட்டத்தான் என்றால் எங்கள் பக்கத்தில் அரை மணித்தியால நடை.

முன்னால் மகளின் வீடு. பின்னால் பெத்தாவின் பழைய தகர வீடு. உள்ளே இருட்டு, ஆனால் தரையில் ஆங்காங்கே காசு சிந்தின மாதிரி வெயில் வட்டங்கள். கூரைத் தகரத்தின் ஓட்டைகள். மாரிக்கு வைத்த ஏனங்களை எடுக்கவே இல்லை, ஒவ்வொரு வட்டத்துக்கும் நேரே ஒன்று இருந்தது. பெத்தா ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுக் காட்டினார்.

“இது மூத்தவன்.”

எனக்கு விளங்கவில்லை.

“மூத்தவன் படுக்கிற இடம். இப்ப கட்டார்ல. மழை துமிச்சா முதல்ல அவன்தான் துவங்குவான், சின்னதிலயிருந்தே அவசரக்காரன்.” அதற்குக் கீழே ஒரு பெரிய அலுமினியச் சட்டி. “இது நடுவிலான். லேசில ஒழுகமாட்டான். ஒழுகினா விடிய விடிய நிப்பாட்டவும் மாட்டான்.” அவனுக்கு வாளி. வாசலோரம் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. “இது சின்னவள். பாவம், காத்தடிச்சா மட்டும்தான்.”

சின்னவள் இறந்துவிட்டாளோ என்று பயந்துபோய்க் கேட்டேன். “இல்ல மனே, அந்தா முன்வீட்டில சோறாக்கிறாள்” என்றார்.

சுவரோரம் புதுத் தகரங்கள் நாலைந்து கட்டுப் பிரிக்காமல் சாத்திக் கிடந்தன. மூத்தவன் காசு அனுப்பி வாங்கினதாம், இரண்டு மாரி போய்விட்டது. “பிறகேன் பெத்தா போடல்ல?” என்று கேட்டேன். “போடுவம், போடுவம்” என்று சொல்லிக்கொண்டே போய்த் தயிர்ச் சட்டியை எடுத்து வந்தார்.

எருமைத் தயிர். கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கிற தயிர். சீனியைக் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டுச் சம்மணமிட்டு இருந்தார். நான் சாப்பிட்டேன். இதுதான் கதை, இதுதான் கதை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சட்டி, வாளி, பால்மா டின். ஒரு சொல்லும் நான் சேர்க்கத் தேவையில்லை. எல்லாவற்றையும்விட, இது யாரோ ஒருவருடைய கதை. சட்டப்படி என்னுடையது.

“எந்த ஊர் மனே நீ?” என்று கேட்டார் பெத்தா.

ஆரையம்பதி என்றேன்.

“ஆர்ர மருமகன்?”

சொன்னேன். அந்தக் கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

“அடி ஆத்தே! அவள் என்ட சின்னம்மாட மகள்லவா!” பெத்தா எழும்பிவிட்டார். முன்வீட்டிலிருந்து சின்னவள் ஓடி வந்தாள். மாப்பிள்ளைக்கு வெறும் தயிரா கொடுத்தாய் என்று தாயை ஏசிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் பெத்தாவின் பேர்த்தி போனை எடுத்து என் மாமியாருக்கு அழைத்து, ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி படலையிலேயே நின்றாள்.

“மண்டூர்ல போய் அஸ்வெசும ஆள் எண்டு சொல்லி ரெண்டு சட்டி தயிர் சாப்பிட்டிங்களாம்.”

“ஒரு சட்டி” என்றேன்.

“அப்ப அஸ்வெசும எண்டு சொன்னது உண்மை.”

அடுத்த நாள், அரச அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு நண்பனிடம் கொப்பியைக் கொடுத்து, இந்தப் பெயர்களுக்கு ஏதும் செய்ய முடியுமா என்று கேட்டேன். நொண்டி ஆடு, முழங்கால், குடிகார மருமகன் என்று நாலு பக்கத்தையும் கவனமாக வாசித்தான். “நல்லா வந்திருக்கு மச்சான்” என்றான். “இது எந்த இதழுக்கு?” அது கதை இல்லை, உண்மையான ஆட்கள் என்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் அவர்கள் கிராம சேவகரிடம் போக வேண்டும் என்று கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டான். பெரியவரின் முழங்காலுக்கு நான் இப்போது கடன்பட்டிருக்கிறேன். இன்னொரு தரம் பாதை ஏறினால் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பத்தாம் திகதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மண்டூர் பெத்தா தூரத்துச் சொந்தம்தானே, சட்டத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்காதா என்று. அவள் தாயிடம் கேட்கச் சொன்னாள். மாமியார் பெத்தாவிடமே கேட்போம் என்று போனைப் போட்டார். என்ன எழுதப் போகிறேன் என்பதை மாமியார் தனக்கு விளங்கின மாதிரி எடுத்துச் சொல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வெற்றிலையைத் துப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் என் கைக்கு வந்தது.

“மனே, எழுது. ஆனா கதையில எழுதக்குள்ள ஓட்டு வீடு எண்டு எழுது, பேர்த்திக்கு மாப்பிள்ளை பேசுறம். அரசாங்கத்துக்கு எழுதக்குள்ள ஒழுகுது எண்டு எழுது. ரெண்டையும் ஒரே கொப்பியில எழுதாத மனே, மாறிப்போயிரும்.”